படத்துக்குக் கீழே ஒரு சிவப்புப் பெட்டி

லிபிக்குச் சிவப்பு பிடிக்காது. கண்ணைக் குத்துகிறது என்பாள். கல்லூரியின் கடைசி வருடப் புராஜெக்டுக்கு அவள் செய்த வெப்சைட்டில் அந்த நிறமே இருக்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அது விழிஞ்ஞத்து மீன்பிடிக்காரர்களுக்கான சைட். கடல் எச்சரிக்கையைச் சிவப்பில் போடாமல் வேறெதில் போடுவது?

லேப்டாப்பில் சிக்கல் இல்லை. இடப்பக்கம் எச்சரிக்கைப் பெட்டி, நடுவில் படம், வலப்பக்கம் மீன் விலை. போனில் திறந்தால் பக்கம் பக்கமாக நிற்க இடமில்லாமல் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிடும். எது முதலில் என்று அவள்தான் சொல்ல வேண்டும். படம் என்றாள். அமைதியான நீலக் கடல், அதில் அவள் அப்பா ததேயூஸின் மீன்பிடி வள்ளம். போன் திரை முழுவதையும் அது அடைத்துக்கொண்டது. சிவப்புப் பெட்டி கண்ணில் படாமல் கீழே போனதில் அவளுக்கு உள்ளூர நிம்மதி.

"விரலால ஒரு தள்ளு தள்ளினா வந்துரும்" என்று கூடப் படிக்கும் வினீத்திடம் சொன்னாள். அவனும் "கொள்ளாம், நல்லாருக்கு" என்றான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

ததேயூஸ் தமிழ்நாட்டுத் தூத்தூர்க் கரையிலிருந்து வந்து கேரளத்து விழிஞ்ஞத்தில் குடியேறியவர். கடலுக்குப் போகிற மற்றவர்களைப் போல அவரும் போனை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கரைக்கு வந்தாலும் கழற்றுவதில்லை. உப்பேறிச் சொரசொரத்துப்போன அந்த உறைக்கு மேல் அழுத்தினால் திறக்கும். விரலால் தள்ளினால் திரை நகராது.

சைட்டை முதலில் காட்டிய அன்று அவர் உறையோடு அப்படியே திறந்து பார்த்தார்.

"கொள்ளாம் மோளே! நம்ம வள்ளம்லா இது!" என்று பக்கத்து வள்ளக்காரர்களையெல்லாம் கூப்பிட்டார். "இனி மாதா கோயில் மைக்குல கடல் எச்சரிக்கை சொல்லட்டும்னு காத்து நிக்காண்டாம். எம் மவ இதுல சொல்லுவா."

அவர் விரல் ஒருமுறைகூடத் திரையைத் தள்ளவில்லை. லிபி அதைக் கவனித்தாள். கவனித்தும், படத்திலேயே சொக்கிவிட்டார் அப்பா என்று பூரித்துப்போனாள்.

புராஜெக்டைக் காட்ட வேண்டிய நாள் வந்தது. வானம் வெளிறிக் கிடந்தது. கல்லூரி மரங்களில் ஓர் இலை அசையவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வு அதிகாரி லேப்டாப்பைத் தொடாமல் தன் போனில் சைட்டைத் திறந்தார்.

"படம் நல்லாயிருக்கு. இன்னைக்கு எச்சரிக்கை ஒண்ணும் இல்லையா?"

"கீழ உண்டு சார்" என்று லிபி கை நீட்டித் தள்ளிக் காட்டினாள். சிவப்புப் பெட்டி ஏறி வந்தது. வானிலை மையத்திலிருந்து காலையிலேயே தானாக வந்து உட்கார்ந்திருந்தது அது. பிற்பகல் முதல் சூறைக்காற்று, யாரும் கடலுக்குப் போகக்கூடாது.

லிபி வராந்தாவுக்கு ஓடி அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா எங்கம்மா?"

"கடலுக்குப் போயாச்சே. போவுததுக்கு முன்ன உன் பேஜைத் தொறந்து எனக்கும் காட்டுனாவ. எச்சரிக்கை ஒண்ணும் இல்ல, எம் மவ சொல்லியாச்சுன்னு சிரிச்சிட்டுப் போனாவ. அதக் கேட்டு மத்த வள்ளங்களும் கூடவே போச்சு."

அப்பாவின் போன் தொடர்பு எல்லையைத் தாண்டிவிட்டிருந்தது. லிபி வராந்தாவிலேயே லேப்டாப்பை மடியில் வைத்து, ஒரே ஒரு வரியை மாற்றினாள். எச்சரிக்கை மேலே, படம் கீழே. அவ்வளவுதான் வேலை. அதை முன்பே செய்ய எத்தனை நேரம் ஆகியிருக்கும்!

அவள் விழிஞ்ஞம் போய்ச் சேர்ந்தபோது சூறைக்காற்று வீசத் தொடங்கியிருந்தது. கோயில் மைக் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அலை துறைமுகச் சுவரில் ஏறி அடித்தது. போன வள்ளங்களில் ஒன்றும் திரும்பவில்லை. அம்மா போனும் கையுமாக மற்ற பெண்களோடு நின்றாள். எல்லோர் போனிலும் இப்போது திரை நிறையச் சிவப்பு.

"அப்பா காட்டும்போ இது இல்லியே மோளே" என்றாள் அம்மா. "இப்பம்தான் வந்துதா?"

பெண்கள் எல்லோரும் லிபியைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள்.

"காலம்பறயே வந்துட்டும்மா" என்றாள். "படத்துக்குக் கீழ கெடந்துது."