பெல்ட் வழுக்கிய வியாழக்கிழமை

காலை எட்டு மணி பத்து நிமிடம். பிரசவ அறையில் நான் முதலில் பார்த்தது சேலைன் போத்தலில் ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்டரை. நீலப் பேனையால் அதில் ஒக்சிடோசின் என்று ஆங்கிலத்தில் எழுதி, நேரத்தையும் குறித்திருந்தார்கள். அதே சொல்லை, அதே மாதிரிப் பிளாஸ்டரில், மூன்று வருடங்களுக்கு முன்னரும் வாசித்திருக்கிறேன். அன்று அந்த மருந்து பிரசவ நோவை வரவழைத்து வெளியே கொண்டுவந்த பிள்ளை அழவில்லை. அது அதற்கு முந்தின நாளே என் வயிற்றில் இறந்துபோயிருந்தது.

நம் செபக்குழு இதழுக்கு இதை எழுத நான் பல மாதங்கள் தயங்கினேன். தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். ஞாயிறுப் பதிப்புக்கு வரும் நன்றி அறிவித்தல்களைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. வரம் தந்த மாதாவுக்கு நன்றி, கைவிடாத புனிதருக்கு நன்றி என்று வரும். மிகையான சொற்களை வெட்டி, இடத்துக்கு அளவாக்கி அனுப்பிவிடுவேன். எழுதியவர் என்ன பட்டிருப்பார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஆகவே இங்கே மிகையாக எதையும் சொல்லவில்லை. நடந்ததை நடந்த நேரத்தோடு தருகிறேன்.

முதல் பிள்ளையின் அசைவு நின்றபோது எனக்கு முப்பத்தெட்டாவது வாரம். இதயத்துடிப்பைத் தேடிய தாதி கருவியை என் வயிற்றில் இடமும் வலமும் நகர்த்தினார். அது ஒரு சத்தமும் தரவில்லை. பிறகு அவர் திரையை மெதுவாக மறுபக்கம் திருப்பினார். அந்த மௌனத்தை நான் எங்கு கேட்டாலும் அடையாளம் காண்பேன். அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவிலுள்ள கோயிலுக்குக் கணவர் யூட்டுடன் ஞாயிறு தவறாமல் போனேன். பூசை முடியும்வரை ஒரு செபத்துக்கும் வாயைத் திறக்கமாட்டேன். மூன்று வருடங்கள் அப்படியே போயின.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்தபோது எனக்கு இரத்தத்தில் சீனி கூடும் வருத்தமும் இருந்தது. கிளினிக்கில் டொக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "முதல் பிள்ளைக்கு நடந்தது இருக்கு. சீனியும் கூட. முப்பத்தெட்டு வாரத்துக்கு மேல விடேலாது. மருந்து ஏத்தி நோ வர வைப்பம்." நான் ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த மருந்து என் மனதில் இறந்த பிள்ளையை வெளியே எடுப்பதற்கான மருந்து. உயிருள்ள பிள்ளைக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள் என்று எத்தனை பேர் சொன்னாலும் என் உடம்பு நம்பவில்லை.

வார்டில் சேர்வதற்கு முதல் நாள் மாலை யூட்டின் அக்கா சிந்தியா கிராண்ட்பாஸிலிருந்து வந்தார். கைப்பைக்குள்ளிருந்து விரல் நீளப் போத்தல் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கோயிலில் மந்திரித்த எண்ணெய்.

"சிலுவை அடையாளம் மட்டும் போடு. அப்பளம் பொரிக்கிற மாதிரி ஊத்தாத."

"நான் ஒண்டும் ஊத்தப் போறேல்ல மச்சாள். எனக்கு இப்ப உதில எல்லாம் நம்பிக்கை இல்ல."

"உனக்கு இல்லாட்டிப் பரவாயில்ல. பிள்ளைக்கு இருக்கட்டும்."

யூட் உடுப்புப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். "ஏற்கெனவே அவளுக்குச் சீனி கூட அக்கா. நீங்க எண்ணெயையும் கூட்டுறீங்க." சிந்தியா தம்பியின் முதுகில் ஒரு அடி வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு வார்டின் குளியலறையில் அந்தப் போத்தலைத் திறந்தேன். பெருவிரலால் தொட்டுத் தொப்புளுக்கு மேலே சிலுவை போட்டேன். அது போதாது என்று பட்டது. இன்னொன்று போட்டேன். பிறகு போத்தலைச் சரித்துப் பாதியை வயிற்றில் ஊற்றி, இரண்டு கைகளாலும் விலா வரைக்கும் தேய்த்தேன். மூன்று வருடங்களுக்குப் பிறகு வாயைத் திறந்து, "மாதாவே, இந்தப் பிள்ளையில கை வைச்சிருங்கோ. எடுத்திடாதையுங்கோ," என்றேன். வேறு எதுவும் எனக்கு வரவில்லை.

பிரசவ அறைக்குள் யூட்டை விடவில்லை. அவர் படிக்கட்டுக்குப் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுப்பாக நின்ற மிட்வைஃப் ஐம்பது வயதைத் தாண்டிய சிங்களப் பெண். மிஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தமிழைத் தடக்கித் தடக்கிக் கதைத்தார்; என்னைச் சிங்களத்தில் நங்கி, தங்கச்சி, என்று கூப்பிட்டார். என் வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட் கட்டினார். ஒன்று பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்பதற்கு, மற்றது கர்ப்பப்பை சுருங்குவதை அளப்பதற்கு. மெஷின் குதிரை ஓடுவது போலச் சத்தம் போட்டது. நான் சேலைன் துளிகளை எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினைந்து.

ஒன்பது நாற்பதுக்கு மேல் இதயத்துடிப்புப் பெல்ட் கீழே வழுக்கியது. மிஸ் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"நங்கி, எண்ணெய் பூசினதா?"

"இல்ல மிஸ்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஏசுவார்கள், கழுவச் சொல்வார்கள், கழுவினால் நான் கேட்டதும் சேர்ந்து போய்விடும். பயந்த மூளைக்கு அவ்வளவுதான் தெரிந்தது. அவர் பஞ்சால் துடைத்துத் திரும்பவும் கட்டினார். துளிகளை முப்பதாக்கினார். நோ முதுகிலிருந்து புறப்பட்டு முன்னால் வந்தது.

பதினொன்று இருபதுக்குக் குதிரை ஓடும் சத்தம் நின்றது.

மெஷினிலிருந்து கடதாசி தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அதில் கோடு இல்லை. மிஸ் கருவியை இடமும் வலமும் நகர்த்தினார். மூன்று வருடங்களுக்கு முன்னர் கேட்ட அதே மௌனம். இளம் டொக்டர் ஒருவர் ஓடிவந்து, சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அறிவிக்கச் சொன்னார். திரையை எந்த நேரம் திருப்புவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ், நான் பொய் சொன்னனான். எண்ணெய் பூசினனான். நிறையப் பூசினனான்."

அவர் துவாயை இழுத்து என் வயிற்றை அழுத்தித் துடைத்தார். கருவியை வலது பக்கம் கையால் ஊன்றிப் பிடித்தார். சத்தம் வந்தது. திரையில் 142.

"எந்தச் சாமி எண்ணெய்?"

"மாதா, மிஸ்."

"மாதாவுக்கு எங்கட பெல்ட் விருப்பமில்ல போல."

டொக்டர் சிரித்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சவர்க்காரம் போட்டுத் துடைத்தும் பெல்ட்டுகள் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. கடைசியில் மிஸ் இரண்டையும் கழற்றிக் கட்டிலில் போட்டார். "சரி. கை இருக்குதானே," என்று ஸ்டூல் ஒன்றை இழுத்து உட்கார்ந்தார். ஒரு கை இதயத்துடிப்புக் கருவியில். மற்றக் கையை விரித்து, வயிறு இறுகுவதை அறிய, என் வயிற்றின் மேல் வைத்தார்.

ஒரு மணிக்குத் தாதிமார் மாறினார்கள். போகிறவர்கள் புத்தகத்தில் கையெழுத்து வைத்துக் கைப்பைகளோடு போனார்கள். மிஸ் ஸ்டூலை விட்டு எழும்பவில்லை. துளிகள் நாற்பத்தைந்து ஆகியிருந்தன.

இரண்டு ஐந்துக்கு வந்த நோ போகவில்லை. எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மெஷின் அப்போதும் நல்ல இலக்கத்தைத்தான் காட்டியது. ஆனால் மிஸ் சட்டென்று நிமிர்ந்தார். "நங்கி, இது விடுதில்ல. கல்லு மாதிரி இருக்கு." யாரையும் கேட்காமல் கையை நீட்டி, ட்ரிப் குழாயிலிருந்த உருளையைத் தள்ளி மருந்தை மூடினார். அதன் பிறகுதான் டொக்டரைக் கூப்பிட்டார்.

அவர் மூடிய பிறகு இதயத்துடிப்பு இறங்கியது. 110. 96. 80. குதிரை நடக்கத் தொடங்கியது. என்னை இடது பக்கம் சரித்து, முகத்தில் ஒட்சிசன் வைத்தார்கள். ட்ரிப் குழாயில் ஒரு துளி விழாமல் தொங்குவதைக் கண்டேன். 74. கண்ணை மூடிக்கொண்டு காலையில் சொன்னதையே சொன்னேன். "கையை எடுத்திடாதையுங்கோ. எடுத்திடாதையுங்கோ."

நான் அதைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

"எடுக்கல்ல நங்கி," என்றார் மிஸ். "எடுக்கல்ல."

இரண்டு பதினொன்றுக்கு வயிறு இளகியது. 90. 118. 136. மருந்தைத் திரும்ப ஏற்றவில்லை. நோ தானாகவே வந்தது. நான்கு ஐம்பத்திரண்டுக்கு என் மகள் பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூற்றெழுபது கிராம். தலை வெளியே வந்ததும் அழுதாள், அடுத்த கட்டிலில் இருந்த பெண் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, கேக்குதா?" என்று கேட்கும் அளவுக்கு.

மறுநாள் வார்டைச் சுற்றி வந்தபோது டொக்டர் சொன்னார். "மருந்துக்குச் சில உடம்பு கூடுதலாச் சுருங்கும். அதுக்குத்தான் பக்கத்தில நிண்டு பார்க்கிறது. மெஷின் துடிப்பு இறங்கினாப் பிறகுதான் சொல்லியிருக்கும். மிஸ்ஸின்ர கைக்கு முதலே தெரிஞ்சிட்டுது."

பெல்ட் வழுக்காமல் இருந்திருந்தால் அந்தக் கை அங்கே இருந்திருக்காது. எண்ணெயை அவ்வளவு ஊற்றியது என் பிழை. மறைத்தது அதைவிடப் பெரிய பிழை. ஆண்டவர் என் பிழையையும் வீணாக்காமல் எடுத்துக்கொண்டார் என்று நான் விசுவசிக்கிறேன். இப்போது பூசையில் என் வாய் மூடியிருப்பதில்லை. ஞாயிறுப் பதிப்புக்கு வரும் நன்றி அறிவித்தல்களை, இடம் இருந்தால், எழுதியவர் எழுதியபடியே விடுகிறேன்.

பயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் சகோதரிகளே, அந்த மருந்தின் பெயரைக் கண்டு திரும்பி வராதீர்கள். சொற்கள் வராவிட்டாலும் ஆண்டவரிடம் ஒரு வரியாவது கேளுங்கள். எண்ணெய் பூசினால் சிலுவை அடையாளத்தோடு நிறுத்துங்கள். பூசியதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் ஓம் என்று சொல்லுங்கள். கேட்டதை ஆண்டவர் எந்தக் கையால் தருவார் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குப் புறப்பட்ட சனிக்கிழமை, சிந்தியா மச்சாள் வாங்கிவந்த கேக் பெட்டியோடு பிரசவ அறைக்குப் போனேன். மிஸ் அன்று லீவு. கதவுக்குப் பக்கத்தில் அந்த வாரத்துக் கடமை அட்டவணை ஒட்டியிருந்தது. தொழில் பழக்கத்தில் வாசித்தேன். வியாழக்கிழமைக் கட்டத்தில் அவருடைய பெயருக்கு நேரே காலை ஏழு முதல் பகல் ஒரு மணி வரை என்று எழுதியிருந்தது.