பல்கீஸ் கேட்ட பிராசசர்

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பல்கீஸ் தைத்துக்கொண்டிருக்கும் ரவிக்கையை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். நூல்கண்டு உருண்டு வாசல்வரை போனாலும் குனிந்து எடுக்க மாட்டார். முக்காட்டுக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "மச்சான், வந்துட்டீகளா?" என்பார்.

ஷார்ஜாவில் இருக்கும் அவர் கணவர் அபுதாஹிருக்கு அன்று விடுமுறை. இருவரும் ஒரே படையில் சேர்ந்து துப்பாக்கி ஆட்டம் ஆடுவார்கள். போனில் பேசினால் கரண்ட் பில், மகள் இன்ஷாவின் பள்ளிக்கூடம், மாமியாரின் மூட்டுவலி என்றே பேச்சு முடிந்துபோகும். சிரித்துப் பேசுவது இந்த ஆட்டத்தில்தான். மாடியில் குடியிருக்கும் எனக்கு அந்தச் சிரிப்பு கேட்கும்.

எங்கள் ஊர் கழனிவாசலில் அவரிடம் தைக்கக் கொடுப்பவர்கள் அவர் கோபத்துக்குப் பயப்படுவார்கள். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். சின்னவர் பெரியவர் எல்லோரையும் "நீங்க" என்பார்.

இந்த வருடம் ஆட்டத்தின் புது வடிவம் வந்ததிலிருந்து பழைய கம்ப்யூட்டர் திணறியது. "இவரு கத்துறது காதுல விழுகுறதுக்குள்ள நான் செத்துக் கெடக்கேன்" என்று புலம்பினார். ரம்ஜான் தையலில் மிச்சம் பிடித்து, வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளி, ஒரு முடிவுக்கு வந்தார். புதுத் தலைமுறை ஐ3 பிராசசர், அதற்குத் தோதான போர்டு. "ஐ3ன்னா மட்டம்னு நெனைக்கிறாக. பழைய ஐ7-க்கு இது எவ்வளவோ தேவலை. நம்ம காசுக்குள்ள ஆட்டமும் ஓடும்."

கம்ப்யூட்டர் கடைக்குப் போனபோது கடைக்காரர் ராமநாதன் அவரைப் பார்க்காமல், கூட வந்த தம்பி சுஹைலைப் பார்த்து, "பையன் படிப்புக்கா தம்பி?" என்றார்.

"எனக்குத்தான். கேம் ஆட" என்றார் பல்கீஸ். ராமநாதன் சிரித்துவிட்டு, மறுபடியும் சுஹைலிடமே பேசினார்.

மறுநாள் சுஹைல் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டு வந்தான். திரையில் பெயரைப் பார்த்த பல்கீஸ் அசையாமல் இருந்தார். யாரோ கழற்றிப்போட்ட பத்து வருடப் பழைய ஐ7.

"அதே காசுக்குப் பெரிய நம்பரே தாரேன்னாருக்கா. அக்காவுக்கு என்ன தெரியும்னாரு."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீக?"

சுஹைல் கம்ப்யூட்டரின் ஒயர்களைக் கழற்ற ஆரம்பித்தான்.

பல்கீஸ் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினார். பயந்துபோய் நானும் ஏறிக்கொண்டேன்.

"மாட்டுன பொருளைத் திரும்ப வாங்குறதில்லைம்மா. நீங்க கேட்டதைவிட நல்லதாத்தானே குடுத்திருக்கேன்? தம்பிக்கிட்ட எல்லாம் வெளக்கிச் சொன்னேனே" என்றார் ராமநாதன்.

"ஆடப்போறது நானு. காசு நான் தைச்ச காசு. தம்பிக்கு எதுக்கு வெளக்குனீக?"

"வீட்டு ஆம்பளைங்களை வரச் சொல்லுங்க, பேசிக்குவோம்."

"அவுக வர மாட்டாக. நான்தான் வந்திருக்கேன்" என்றார் பல்கீஸ். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துக் கடை வாசலில் போட்டு உட்கார்ந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "இங்க நாம கேக்குறது ஒண்ணு, இவுக மாட்டுறது ஒண்ணு. கூடவே நின்னு வாங்கிக்கங்க" என்றார். கல்லூரி மாணவிகள் சிலர் கதை முழுவதையும் கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் ராமநாதன் ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். மாற்றிக் கொடுத்தாலும் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார். அதற்கும் பல்கீஸ் சண்டை போட்டார், நடக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பார்ப்பதற்காக என்னைக் கூப்பிட்டு, ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரைப் போட்டார். கடையில் நடந்ததைக் கணவரிடம் ஆட்டத்தின் நடுவே சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். படம் எங்கும் நிற்காமல் ஓடியது. அபுதாஹிரின் குரல் உற்சாகமாக வந்தது.

"என்ன புள்ள, இந்த ஓட்டம் ஓடுற? சுஹைலு நல்லா வெவரமாத்தான் வாங்கியிருக்கான்."

பல்கீஸ், எதிரிகள் பதுங்கியிருந்த சுவரைவிட்டுத் துப்பாக்கியைத் திருப்பி, பக்கத்தில் நின்ற கணவரை நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டார்.