எண்பத்தாறு படி

வல்வெட்டித்துறையிலை, கடற்கரை றோட்டுக்கு ரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற மீனாம்பிகைக்கு வேறை ஒரு கெட்ட பழக்கமும் இல்லை. அடுத்தவையைப் பாத்து வாற எரிச்சல் மட்டும்தான். அதையும் அவ ஒளிச்சு வைச்சதில்லை. பள்ளிக்கூடத்திலை பக்கத்து வாங்குப் பிள்ளைக்கு நீட்டுத் தலைமயிர் எண்டு ஒரு தவணை முழுக்க அவளோடை கதையாமல் இருந்தவ. கலியாணம் கட்டின பிறகு, மனிசன் ஏரம்பு நல்ல மீனைத் தன்ரை தங்கச்சி வீட்டிலை குடுத்திட்டு மிச்சத்தைத்தான் தனக்குக் கொண்டு வாறார் எண்டு இருபது வருசம் சந்தேகப்பட்டவ. ஏரம்பு மாரடைப்பிலை போய் ஆறு வருசமாச்சு. செத்தவீட்டிலை கூட, அந்தத் தங்கச்சிக்காரி தன்னை விடப் பெரிசாக் கத்தி அழுகிறாள் எண்டு அவவுக்கு ஒரு கொதி வந்தது உண்மை.

ஆனால் வேலையிலை ஒரு குறை சொல்லேலாது. முப்பது வருசமா ஊராக்களுக்குச் சட்டை தைச்சு, காலாலை தையல் மிசினை மிதிச்சு மிதிச்சுத்தான் ஒரே மகன் பார்த்தீபனைப் படிப்பிச்சுப் பாரிசுக்கு அனுப்பினவ. அந்த மிதியிலை வலது முழங்கால் தேய்ஞ்சு போச்சு. போன மாரிக்குக் கிணத்தடியிலை வழுக்கி விழுந்து, எழும்பேலாமல் ஒரு மணித்தியாலம் தனியக் கிடந்தவ. பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் தற்செயலாக் கண்டு தூக்கினபடியால் தப்பினா. அதைக் கேட்டுப் பார்த்தீபன் போனிலை அழுதவன்.

இப்ப அவன்ரை பெண்சாதி சாருஜாவுக்கு நாலு மாதம். பிள்ளைப்பேறு பாக்க இங்கையிருந்து ஒராளைக் கூப்பிட வேணும். அங்கை வீடு சின்னன், ஒராளுக்கு மேலை இடமில்லை. முறைப்படி பாத்தால் பெட்டையைப் பெத்த தாய்தான் போறது. அந்தத் தாய் வட்டுக்கோட்டையிலை இருக்கிற அருமைநாயகி, மீனாம்பிகைக்கு மச்சாள் முறை. எண்டாலும் பார்த்தீபன் ஆரைக் கூப்பிடுறது எண்டு சொல்லாமல், "பாப்பம் அம்மா, விசா அலுவல் ஒண்டும் முடியேல்லை" எண்டு இழுத்துக்கொண்டிருந்தவன். அந்த இழுவையிலைதான் மீனாம்பிகையின்ரை நம்பிக்கை முழுக்க இருந்தது. பெத்தது ஒண்டு. அந்த ஒண்டின்ரை பிள்ளையை முதல் முதல் தன்ரை கையிலை வாங்க வேணும். வேறை ஒண்டும் அவ கேக்கேல்லை.

ஒரு தடை மட்டும் இருந்தது. பார்த்தீபன் இருக்கிறது அஞ்சாம் மாடி, லிப்ற் இல்லை. ஒருநாள் அரிசி மூட்டை காவிக்கொண்டு ஏறிப்போட்டு அவனே மூச்சு வாங்க வாங்கச் சொன்னவன், "எண்பத்தாறு படி அம்மா" எண்டு. அந்த எண்பத்தாறை மீனாம்பிகை மறக்கேல்லை.

இப்பிடி இருக்கேக்கைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை வாட்ஸ்அப்பிலை அருமைநாயகியின்ரை வீடியோ வந்தது. புது மிசின் ஒண்டு. ரண்டு பெரிய மிதி, ரண்டு நீட்டுக் கைப்பிடி. மிதி வட்டம் சுத்த, கைப்பிடி முன்னும் பின்னும் போக, ஆள் நிண்ட இடத்திலையே நடக்குது. பச்சைக்கரைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பல்லுத் தெரியச் சிரிச்சபடி அருமைநாயகி நடந்துகொண்டிருந்தா. கீழை எழுதியிருந்தது: "மருமகன் வாங்கித் தந்த எலிப்டிக்கல் மிசின். முழங்காலுக்கு நோகாதாம்."

மருமகன் எண்டால் ஆர்? தான் பெத்த பிள்ளை.

மீனாம்பிகை உடனை பாரிசுக்கு எடுத்தா. "தம்பி, மாமிக்கு ஏதோ மிசின் வாங்கிக் குடுத்தனியாம்."

"ஓமம்மா. சும்மா ஒரு சாமான். வேலைக்கு நேரம் போட்டுது, பேந்து சொல்லுறன்."

"நல்லது ராசா," எண்டு போனை வைச்சா. வைச்ச கையோடை மதிலாலை எட்டிச் சின்னத்தங்கத்தைக் கூப்பிட்டா. "உவன் செய்த வேலை தெரியுமே? மாமிக்காரியைப் படியேறப் பழக்கிறான். முழங்கால் போனது எனக்கு, மிசின் போனது அவவுக்கு. கண்டறியாத மிசின்."

"உள்ளதைத் தம்பியிட்டையே கேளுங்கோவன் மீனாக்கா."

"நான் ஏன் கேக்க வேணும்? என்னாலையும் ஏலும் எண்டு செய்து காட்டுறன்."

கேட்டிருக்கலாம். ஒரு வசனம், அரை நிமிசம். கேக்கேல்லை. அதுதான் மீனாம்பிகை.

கடைக்குப் போக முதல் அவ அருமைநாயகிக்கு எடுத்து, தேன் மாதிரிக் கதைச்சு, மிசினின்ரை விபரம் எல்லாத்தையும் பிடுங்கிப்போட்டா. மிதியிலை கால் எட்டி வைக்கிற நீளம் பதினாறு அங்குலம். மிதியை இறுக்கிற நிலை எட்டு. "நான் உதொண்டும் வடிவாப் பாக்கேல்லை மச்சாள், பெட்டியிலை எழுதியிருக்கு," எண்டா அருமைநாயகி. மீனாம்பிகை அதைச் சட்டை அளவு எழுதிற கொப்பியிலை எழுதிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினா.

உடற்பயிற்சிச் சாமான் விக்கிற கனிசியஸ் பொறுமையான பெடியன். "முழங்கால் நோவெண்டால் ஓடுற மிசின் வேண்டாம் அன்ரி, இதுதான் சரி. பாதம் மிதியை விட்டு எழும்பாது, அதாலை முழங்காலிலை அடி விழாது," எண்டு விளங்கப்படுத்தினான்.

"அவவுக்குப் பதினாறு அங்குலம். எனக்குப் பதினெட்டுக் காட்டுங்கோ."

"ஆருக்கு அன்ரி?"

"அது உங்களுக்குத் தேவையில்லை தம்பி."

அவன் பதினெட்டு அங்குலத்திலை ஏத்தி விட்டான். மீனாம்பிகை அஞ்சடிக்கு ஒரு அங்குலம் குறைவு. கால் ஒண்டு முன்னுக்குப் போக மற்றது பின்னுக்கு இழுபட, குதி எழும்பி, இடுப்பு ரண்டு பக்கமும் ஆடி, கைப்பிடியிலை தொங்கிக்கொண்டு நிண்டா. கடைக்கு வந்த ரண்டு பெடியள் மற்றப் பக்கம் திரும்பிச் சிரிச்சாங்கள்.

"இது ஆறடி மனிசருக்கு," எண்டான் கனிசியஸ். "உங்கடை உயரத்துக்குப் பதினாலுதான். கூட நீட்டினால் இடுப்பு நாரி பிடிச்சுக்கொள்ளும். அளவை விடுங்கோ, உள்ளுக்கை சுத்துற சில்லுப் பாரமோ எண்டு பாருங்கோ. பாரமெண்டால்தான் இழுபடாமல் ஓடும். ஏறி நிக்கேக்கை மிசின் ஆடுதோ எண்டும் பாருங்கோ."

பதினாறுக்குப் பதினாலு குறைவு. அது அவவுக்குக் குத்திச்சு. "சரி, இதிலை இறுக்கிற நிலை எத்தினை?"

"பதினாறு."

"அவவுக்கு எட்டு," எண்டு மீனாம்பிகை முதல் தரமாச் சிரிச்சா. "கட்டுங்கோ."

கட்டேக்கை கனிசியஸ் ரண்டு விசயம் சொன்னான். கடற்காத்துப் படவிட்டால் இரும்பு கறள் பிடிக்குமாம். ஓரத்திலை இருக்கிற பொத்தானை அமத்தினால், வாங்கின நாளிலை இருந்து ஓடின மொத்தத் தூரம் காட்டுமாம்.

மிசினை நடு ஹோலிலை, படலையைப் பாத்தபடி வைச்சா. ஒழுங்கையாலை போற ஆக்கள் காணத்தானே வேணும். முதல் நாள் ரண்டு நிமிசத்திலை நெஞ்சு அடிச்சுப் போட்டுது. மூண்டாம் நாள் பெருவிரல் விறைச்சுப் போச்சு. ஆஸ்பத்திரியிலை உடற்பயிற்சி காட்டிக் குடுக்கிற லவீனாப் பிள்ளையிட்டைப் போய்க் கேட்டா. வெறுங்காலோடை ஏறக் கூடாது, சப்பாத்துப் போட வேணும். கைப்பிடியிலை சாயாமல் நிமிர்ந்து நிக்க வேணும். குதியை ஊண்ட வேணும். முழங்காலை முழுக்க நீட்டக் கூடாது. முதல் கிழமை அஞ்சு நிமிசத்துக்கு மேலை வேண்டாம் எண்டு அவள் சொல்லி விட்டாள். அஞ்சு நிமிசம் எண்டதுதான் பொறுக்கேலாமல் இருந்தது. அருமைநாயகி இப்ப பத்து நிமிசம் ஓடுவா, பதினைஞ்சு ஓடுவா எண்டு வீட்டிலை இருந்தபடி புறுபுறுத்தா. ஆனால் சொன்னபடி செய்தா.

அவவுக்கு ஒரு வழி இருந்தது. போனிலை அருமைநாயகியின்ரை வீடியோவை, அந்தச் சிரிப்பு வாற இடத்திலை நிப்பாட்டி, மிசினின்ரை தட்டிலை நிமித்தி வைப்பா. அந்தப் பல்லைக் கண்டால் கால் தன்ரை பாட்டிலை ஓடும். களைச்சு நிப்பாட்டுவம் எண்டு நினைக்கேக்கை நிமிர்ந்து ஒருக்காப் பாப்பா. இன்னும் அஞ்சு நிமிசம் ஓடும்.

ரண்டரை மாசத்திலை நாற்பது நிமிசம் வந்திட்டுது. நிலை ஏழு. தொளதொளத்துப் போன தன்ரை சட்டைகளைத் தானே பிடிச்சுத் தைச்சா. நாரியைப் பிடியாமல் கிணத்திலை தண்ணி அள்ளினா. காலமை எழும்பேக்கை வாற நோ எப்ப போனது எண்டே தெரியேல்லை. இதுக்குள்ளை சாருஜாவுக்கெண்டு சரக்குத்தூளும் வறுத்து இடிச்சா. பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியக்கறிக்குப் போட. நாலு பையிலை கட்டி, தான் கொண்டு போற சூட்கேசுக்குப் பக்கத்திலை வைச்சா.

கடைசி வேலை படி. சின்னத்தங்கம் வீட்டுப் புது மாடிக்குப் பதினெட்டுப் படி. அஞ்சு தரம் ஏறினால் தொண்ணூறு. மீனாம்பிகை வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஏற, சின்னத்தங்கம் பின்னாலை நிண்டு வீடியோ எடுத்தா.

"எண்பத்தாறு காணுமெல்லோ மீனாக்கா?"

"மிச்சம் நாலும் அருமைநாயகிக்கு."

மிசினிலை ஓடுற வீடியோவையும் படியேறுற வீடியோவையும் சேர்த்து மகனுக்கு அனுப்பிப் போட்டு, தலையிழுத்து, பவுடர் பூசிக்கொண்டு போனுக்கு முன்னாலை இருந்தா. பின்னேரம் எடுத்தான்.

"அம்மா, நானும் சாருவும் மூண்டு தரம் பாத்தம். சாரு கை தட்டினவ."

"பாத்தியே ராசா."

"எனக்கு இப்பதான் நிம்மதி. உள்ளதைச் சொல்லட்டே? நீங்கள் கிணத்தடியிலை கிடந்ததிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை. பேற்றுக்கு உங்களைத்தான் கூப்பிடுறதெண்டு முதலே முடிவெடுத்தனான், அந்த மூண்டு மாசமாவது என்ரை கண்ணுக்கு முன்னாலை இருப்பியள் எண்டு. அலுவல் முடியாமல் ஆசை காட்டக் கூடாது எண்டுதான் வாய் திறக்கேல்லை. படிக்கு என்ன செய்யிறது எண்டு சாரு கேட்டவ. அம்மாவை நான் முதுகிலை காவிக்கொண்டு ஏறுவன் எண்டு சொன்னனான். மாமிதான் மனம் நோவா. இந்த முறை வரேலாது எண்டதுக்கு ஒரு ஆறுதலாத்தான் அந்த மிசினை வாங்கிக் குடுத்தது."

மீனாம்பிகை திரும்பி அந்தச் சூட்கேசைப் பாத்தா.

"இப்ப உங்களைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. தொண்ணூறு படி ஏறுறியள். அப்ப முறைப்படி மாமியே வரட்டும் எண்டு சாருவுக்குச் சொல்லிப் போட்டன். அவவுக்கும் பெத்த தாய் பக்கத்திலை நிண்டால்தானே. நீங்கள் அடுத்த பிள்ளைக்கு வரலாம். என்னம்மா?"

எனக்கு இன்னும் கால் ஏலாது, என்னைத்தான் கூப்பிடு எண்டு கத்த வேணும் போலை இருந்தது. பெட்டையின்ரை தாய்க்கு உள்ள உரிமையை எப்பிடி வாய் திறந்து பறிக்கிறது? "ஓம் ராசா," எண்டா. "அதுதானே முறை."

விடிய எழும்பினதும் திரும்ப எடுத்தா. "தம்பி, முழங்கால் பழையபடி நோகுது."

அவன் சிரிச்சான். "நேற்றுத் தொண்ணூறு படி ஏறின ஆளோ? பகிடி விடாதேங்கோ அம்மா."

பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கேக்கை அருமைநாயகி லாண்ட்மாஸ்டர் ரக்டரிலை வந்து இறங்கினா. பின்னாலை பெட்டியிலை மிசின். "மூண்டு மாசம் பூட்டின வீட்டிலை நிண்டு பழுதாப் போடும் மச்சாள். உங்களிட்டை விடச் சொல்லி மருமகன்தான் சொன்னவர். இடைக்கிடை ஓட்டி விடுங்கோ." மீனாம்பிகை தேத்தண்ணி குடுத்தா. சீனி கொஞ்சம் குறைச்சுத்தான் போட்டா. போகேக்கை அந்த நாலு பை சரக்குத்தூளையும் எடுத்துக் குடுத்தா. வேறை என்ன செய்யிறது, பிள்ளை பெறப் போறவளுக்கெண்டு இடிச்சது.

லாண்ட்மாஸ்டர் ஒழுங்கையாலை திரும்பினதும் உள்ளுக்கு வந்து, மச்சாளின்ரை மிசினிலை அந்தப் பொத்தானை அமத்தினா. மொத்தம் மூண்டு கிலோமீற்றர். கைப்பிடியிலை உடுப்புக் காயப்போடுற கிளிப் ஒண்டு அப்பிடியே கொழுவிக்கொண்டு கிடந்தது. தன்ரை மிசினிலை அமத்திப் பாத்தா. இருநூற்று அறுபத்தொண்டு.

"இந்த மூண்டு கிலோமீற்றரோடையோ நான் இவ்வளவு நாளும் அடிபட்டனான்," எண்டு சின்னத்தங்கத்துக்குச் சொன்னா. பிறகு அவவுக்கு உள்ளுக்கை ஒரு கெட்ட சந்தோசம் வந்தது. எண்பத்தாறு படி. ஏறட்டும் பாப்பம். ரண்டாம் மாடியிலை குந்துவா. அப்ப தெரியும் அவனுக்கு, ஆரைக் கூப்பிட்டிருக்க வேணும் எண்டு.

அருமைநாயகி பாரிசிலை போய் இறங்கின நாள் மீனாம்பிகை ஒரு சட்டையும் வெட்டேல்லை. மத்தியானத்துக்குப் பிறகு சாருஜா வீடியோ அனுப்பினா. சின்னத்தங்கமும் பக்கத்திலை வந்து குந்தினா.

மீனாம்பிகை நினைச்ச மாதிரியேதான். ரண்டாம் மாடித் திருப்பத்திலை அருமைநாயகி படியிலை இருந்து, சேலைத் தலைப்பாலை விசிறிக்கொண்டு, "என்னாலை ஏலாது தம்பி" எண்டுறா. வீடியோ எடுக்கிற சாருஜா சிரிக்கிறா. பார்த்தீபன் மேலை இருந்து இறங்கி வாறான். அவவுக்கு முன்னாலை முழங்காலிலை இருந்து, முதுகைக் குனிஞ்சு குடுக்கிறான். "பிடியுங்கோ மாமி. வடிவாப் பிடியுங்கோ." அருமைநாயகி வெக்கப்பட்டு வெக்கப்பட்டு ஏறி, அவன்ரை கழுத்தைக் கட்டிப் பிடிக்கிறா. சரக்குத்தூள் பை அவன்ரை தோளிலை கிடந்து ஆடுது. அவன் மூச்சு வாங்க வாங்க எண்ணிக்கொண்டு ஏறுறான், அறுபது, அறுபத்தொண்டு, அறுபத்திரண்டு.

சின்னத்தங்கம் விழுந்து விழுந்து சிரிச்சா. "பாருங்கோவன் மீனாக்கா, மூட்டை காவுற மாதிரிக் காவுறார் தம்பி."

மீனாம்பிகை சிரிக்கேல்லை. எண்பத்தாறு வரைக்கும் பாத்தா. பிறகு வீடியோவைத் திரும்ப முதலிலை இருந்து விட்டு, அவன் குனியிற இடத்திலை நிப்பாட்டினா.

"அது எனக்கெண்டு வைச்சிருந்த முதுகு, சின்னத்தங்கம்."