நான் வாங்கிய கைநாட்டு

எழுபதுகளின் கடைசியில் வேலூரில் ஒரு கண் மருத்துவமனையில் நான் பதிவு குமாஸ்தா. அறுவைக்காக ஆம்பூரிலிருந்து வந்த முதியவர் ஒருவர் கைலியும் தாடியுமாக என் முன் நின்றார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர், படிக்காதவர் என்று நானே முடிவு கட்டினேன். அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடும்போதே, "பின்னால கூட்டம் நிக்குது பெரியவரே" என்று அவர் கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தி, ஒப்புதல் தாளில் வைத்தேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "வெள்ளக்காரன் ஜெயில்ல இப்டி வெரலப் புடிச்சு வெச்சான். அதுக்கப்புறம் நீதாம்மா."

கூட வந்த மகள் அழுதுவிட்டாள். "எங்கப்பா அரபியில, உருதுல எத்தினி புஸ்தகம் எழுதியிருக்காரு தெரியுமா? சுதந்திரப் போராட்டத்துல இவர் ஒரு வார்த்த சொன்னா ஆம்பூரே கடைய மூடும்."

அவர் கையெழுத்துப் போட நான் அவசரமாக வேறு தாளை எடுத்தேன். "இருக்கட்டும், இதுவும் என் கைதானே" என்றார் அவர்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க வார்டுக்குப் போனேன். அவர் கண்களில் கட்டு. காலடிச் சத்தம் கேட்டு, "யாரும்மா?" என்றார்.

"நர்ஸ்" என்றேன்.

"நல்லா இரும்மா."

வேறொருத்திக்குச் சேரவேண்டிய வாழ்த்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன். முதல் நாள் செய்ததை அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். 'நர்ஸ்' என்ற அந்தப் பொய்க்கு இன்றுவரை எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.