திராட்சையைத் தின்றது நான் இல்லை

மூத்த பேத்தி ஷீபா நர்சிங் முடித்து மதுரையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் தம்பி டேனியல் பிளஸ் டூவில் ஸ்கூல் செகண்ட். மகள் வயிற்றுப் பேரன் சாம் கோயம்புத்தூர் கம்பெனியில் வேலைக்கு ஆர்டர் வாங்கிவிட்டான். கடைக்குட்டி ரூத் ஓட்டப் பந்தயத்தில் கப்பு.

இதை நம் குரூப்பில் போடத்தான் போனை எடுத்தேன். எடுத்ததும் கண்ணில் பட்டது... ஞானம் டீச்சர் இறந்துவிட்டாள். இன்று காலையில், எம்.ரெட்டியபட்டி வீட்டில்.

நிறையப் பேர் அழுது எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவீர்கள்.

எனக்கு அவள் டீச்சர் இல்லை. மிஷன் பள்ளிக்கூட போர்டிங்கில் பக்கத்துப் பாய்.

அறுபதுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம். இரண்டு பேரும் அஞ்சாம் வகுப்பு. போர்டிங்கில் மதியம் கம்மங்கூழ், ராத்திரியும் அதே கூழ்.

கோயிலில் திருவிருந்துப் பந்திக்கு அப்போது பாட்டிலில் திராட்சை ரசம் வராது. உலர்ந்த திராட்சையை வெந்நீரில் ஊறப்போட்டுப் பிழிவார்கள். அந்தத் திராட்சை மேட்ரன் அம்மா அலமாரியில் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை பார்த்தால் டப்பா காலி. காம்புகள் என் பாய்க்கு அடியில்.

தின்றது ஞானம். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை... காம்பை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “சொல்லிராதடி. எங்கய்யா உபதேசியாரு, சபையில வேலைய விட்டே தூக்கிருவாக. நாளைக்கு ஆராதனை முடியவும் நானே சொல்லிர்றேன்.”

நம்பினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்தது. அவள் எழுந்திருக்கவே இல்லை. முழுப்பரீட்சை முடிந்ததும், ஆறாம் வகுப்புக்கு இவளை அனுப்ப வேண்டாம் என்று மேட்ரன் அம்மா என் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் அப்பா முன்னால் நடந்தார். வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டார். “ஆண்டவர் பந்திக்கு வச்சதையா தின்ன?”

மறுநாள் பருத்தி எடுக்கப் போனேன். என் படிப்பு அவ்வளவுதான்.

எழுபதுகளில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்தாள். எனக்கு அப்போது கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. என்னைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவாள்.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு முந்தின நாள் ஆயத்தக் கூட்டம் உண்டு. யார் மேலாவது கோபம் இருந்தால் அன்றைக்கே பேசித் தீர்க்க வேண்டும். தீராதவர்கள் மறுநாள் பந்திக்கு எழுந்து போகக் கூடாது.

அந்தக் கூட்டத்தில் ஞானம் எழுந்தாள். சின்ன வயதில் திராட்சையைத் திருடித் தின்றேன், அந்தப் பழியை இன்னொரு பிள்ளை சுமந்தது என்றாள். பேர் சொல்லவில்லை. என்னைப் போலப் பாவி உண்டா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தாள்.

சபையே அழுதது. பெண்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். ஆண்டவர் உன்னை மன்னித்துவிட்டார் மகளே என்றார் போதகர்.

நான் இரண்டு பாய் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்...

என் மாமியாருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. “பாவம், அந்தப் புள்ளைக்குத் தண்ணி குடு போ” என்று என்னை இடித்தார்கள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். குனிந்தபடியே குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள். “எனக்காக ஜெபம் பண்ணு.”

மன்னிச்சிரு என்று இல்லை. ஜெபம் பண்ணு.

மறுநாள் பந்திக்கு முதல் ஆளாக முழங்கால் போட்டது அவள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கோபம் இருக்கிறவள் நான்தானே.

“திருடுனவளே எந்திரிச்சுப் போறா. நீ என்ன கொலையா பண்ணிப்புட்ட?” என்றார்கள் மாமியார்.

அந்த வருஷம் முழுக்கப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். என்ன பாவமோ என்று ஊர் பேசியது. உனக்கு உன் மேலேதான் இரக்கம் என்று போதகர்கூடச் சொன்னார். இருக்கலாம்... என் மேல் இரக்கப்பட வேறு யார் இருந்தார்கள்?

பிறகு ஒரு நாள் எழுந்து போனேன். மன்னித்துவிட்டுப் போனாயா என்று கேட்காதீர்கள்.

போய் வா ஞானம். நல்லபடியாகப் போய்ச் சேர்.

அவள் பிள்ளைகளுக்கு ஒன்று. நீங்கள் போட்டிருக்கிற போட்டோவில் அம்மா தலை குனிந்து, கண்ணை மூடி ஜெபம் செய்கிறாள். அது வேண்டாம்யா... கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கிற மாதிரி ஒன்று இருந்தால் புதிதாகப் போடுங்கள்.