படுக்க வைத்த கிணறு

லண்டனில் மண்ணுக்குக் கீழே ரயில் ஓடுகிறது என்பதை எங்கள் குடும்பத்தில் யாரும் மறுக்கவில்லை. அது ஆற்றுக்கும் கீழே ஓடுகிறது என்று அந்த இளைஞர் சொன்னதுதான் கலியாணப் பேச்சை நிறுத்தியது.

அவர் இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் பக்கத்துச் சாய்ந்தமருதுக்காரர். கப்பலில் சமையல் உதவிக்குப் போய், லண்டனில் இறங்கித் தங்கிவிட்டவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் அந்நகரத்துச் சுரங்க ரயிலில் தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்தில் இருந்தார். விடுமுறையில் ஊர் வந்தபோது என் தங்கை மகளுக்கு அவரைப் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு கட்டிக் கொடுப்பது பெண்ணைப் பெற்றவரின் பொறுப்பு. தங்கையின் கணவர், அதாவது என் மச்சான், மருதமுனையில் நெல் வியாபாரி. தம் வீட்டைச் சுற்றிய வளவிலேயே மகளுக்கு வீடு கட்டிக் கூரையும் போட்டுவிட்டார். கிணறும் ஜன்னல் பலகைகளும்தான் மிச்சம்.

மச்சான் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“மச்சான், ஆள் நல்லாத்தான் கதைக்கான். ஆனா புழுகன்.”

“என்ன புழுகினார்?”

“ஆத்துக்குக் கீழால றெயில் போகுதாம். அதுல ஏறி இவர் வேலைக்குப் போறாராம். இவடத்த கக்கூசுக் குழி வெட்டினா இடுப்பளவுல தண்ணி. ஆத்துக்குக் கீழ எப்பிடி மச்சான் வெட்டுற? மூஞ்சப் பாத்து இப்பிடிச் சொல்றவன் நாளைக்கு என்ட புள்ளைக்கிட்ட என்னத்தச் சொல்லமாட்டான்?”

அப்படி ஒரு ரயில் இருப்பதாக நானும் பத்திரிகையில் படித்திருக்கிறேன் என்றேன். “தண்ணிய எப்பிடி மறிக்காங்களாம்?” என்று கேட்டார். நீர்ப்பாசனக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், படம் வரைகிற எனக்கே தெரியவில்லை.

“நீங்க கந்தோர்ல வாய்க்கால் படம் கீறுற ஆள். வாற சனிக்கிழம கிணறு இறக்குறம், அண்டைக்கு அவரையும் வரச் சொல்லியிருக்கன். நீங்களே கேளுங்க. புழுகெண்டா அதோட முடிச்சிருவம்.”

அவர் போன பிறகு தங்கை சொல்லியனுப்பினாள்: மகளுக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது, காக்கா, அதாவது அண்ணனாகிய நான், பார்த்துக் கேட்க வேண்டும் என்று. அந்த ஆளைப் பற்றி எனக்கு எந்த முடிவும் இல்லை. ஆனால் தண்ணீரை எப்படி மறிக்கிறார்கள் என்ற கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துக்கு ரயிலே கிடையாது. மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போய்த்தான் ஏற வேண்டும். அந்தப் பெட்டியில் உட்கார்ந்து, தலைக்கு மேலே ஆறு ஓடுவதாக நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

சனிக்கிழமை காலை வளவுக்குப் போனேன். கடற்கரை மணலில் கிணறு வெட்டும் முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெறும் குழி வெட்டினால் சுற்றிலும் சரிந்து மூடிவிடும். அதனால் சீமெந்தில் வார்த்த பெரிய வளையத்தை மணல்மேல் வைத்து, உள்ளே ஆள் இறங்கித் தோண்ட வேண்டும். தோண்டத் தோண்ட வளையம் தன் பாரத்தால் கீழே இறங்கும். அதன்மேல் அடுத்த வளையம். இதற்குக் கொட்டு என்று பேர். அன்று முதல் கொட்டு இறங்கிவிட்டது. கிணறு வெட்டுகிறவர் அதற்குள் தொடையளவு தண்ணீரில் நின்று மணலை அள்ளி மேலே கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியே ஈர மணல் குவியலாகக் கிடந்தது. பக்கத்தில் இன்னும் மூன்று கொட்டுகள்.

இளைஞர் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். மச்சானுக்கு ஸலாம் சொன்னார். மச்சான் பதில் ஸலாம் சொல்லிவிட்டுக் கிணற்றைக் காட்டினார்.

“பாருங்க தம்பி. என்னளவு ஆழம்கூட இல்ல. தண்ணி வந்திட்டு.”

“ஓம் ஹாஜியார். இது மணல். அங்க களி மண். குளக்கட்டுக்குப் போடுற மாதிரி இறுக்கமான களி. அதுக்குள்ளால தண்ணி லேசில வராது.”

“ஆத்துக்குக் கீழயுமா?”

“அங்கயும் களிதான். சில இடத்துல மணலும் வரும். அந்த இடத்துல கஷ்டம்.”

கிணற்றுக்குள்ளிருந்து வெட்டுகிறவர் குரல் கொடுத்தார்: “அப்ப றெயிலுக்க மீனும் வருமா தம்பி? ஒரு வலையக் கொண்டு போனா உங்களுக்குக் கறிச்செலவு மிச்சம்.”

எல்லோரும் சிரித்தோம். இளைஞரும் சிரித்தார். நான் என் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். முதன்முதலில் தெருவைத் திறந்து வெட்டி, சுவர் கட்டி, மேலே மூடித் தெருவை மறுபடி போட்டார்களாம். அதற்குள் நிலக்கரி ரயில் ஓடியதால் ஒரே புகையாம். மின்சாரம் வந்த பிறகுதான் ஆழத்துக்குப் போனார்களாம். யுத்த காலத்தில் குண்டுக்குப் பயந்து சனங்கள் அந்த நிலையங்களில் படுத்துறங்கியதாகக் கூட வேலை செய்கிற பெரியவர் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். இன்னொரு புதுப் பாதை வெட்டப் போவதாகப் பேச்சு நடக்கிறதாம். எப்போது என்று அவருக்குத் தெரியாது.

“அதெல்லாம் சரி,” என்றார் மச்சான். “வெட்டின குழி ஏன் இடிஞ்சி விழல்ல?”

“இரும்பு வளையம் போடுவாங்க. துண்டு துண்டாக் கொண்டு போய் உள்ளுக்க வெச்சி முறுக்குவாங்க.”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லும் முன், புது வீட்டின் பலகை போடாத ஜன்னலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

“கொட்டப் படுக்க வெச்சி வெட்டுற மாதிரியா?”

என் தங்கை மகள். பேசி முடியாத மாப்பிள்ளைக்கு எதிரில் பெண் வாய் திறப்பது எங்களிடம் வழக்கமில்லை. மச்சானின் முகம் சிவந்தது. கிணற்றுக்குள் மண்வெட்டிச் சத்தம் நின்றது. இளைஞர் ஜன்னல் பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்தபடி, “ஓம், அதேதான்,” என்றார். “கிணத்தப் படுக்க வெச்ச மாதிரித்தான்.”

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாள் என் கண்ணெதிரே இறங்கிய கிணறுகளை ஒரு முறைகூடச் சாய்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

“அப்ப செஞ்சி காட்டுங்க,” என்றார் மச்சான்.

இளைஞர் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு கொட்டு வளையத்தை உருட்டினார். மணல் குவியலுக்கு முன்னால் அதைப் பக்கவாட்டில் நிறுத்தி, அடியில் கல் முட்டுக் கொடுத்தார். உள்ளே தவழ்ந்து போய் இரண்டு கையாலும் மணலை அள்ளி வெளியே தள்ளினார். நானும் மச்சானும் பின்னாலிருந்து வளையத்தைத் தள்ளினோம். சாண் அளவு நுழைந்தது. இன்னொரு சாண் நுழைந்தது. பிறகு குவியல் முழுவதும் முன்பக்கமாகச் சரிந்து உள்ளே கொட்டியது. அவர் தலைமுடியெல்லாம் மணலாக, இருமிக்கொண்டு பின்னால் வந்தார்.

வெட்டுகிறவர் எட்டிப் பார்த்து, “றெயில் கவுந்திட்டு,” என்றார்.

மச்சான் சிரிக்கவில்லை. “என்ன தம்பி, இப்ப என்ன சொல்றீங்க?”

இளைஞர் கண்ணைத் துடைத்தார். அங்கே வளையத்துக்கு முன்னால் இரும்பில் ஒரு மறைப்பு இருக்கும் என்றோ, நாங்கள் சரியாகத் தள்ளவில்லை என்றோ சொல்லியிருக்கலாம். மறைப்பு இருப்பதைப் பிறகு என் கேள்விக்குப் பதிலாகச் சொன்னார். அப்போது சொன்னது இவ்வளவுதான்:

“இந்த மண்ணுல ஏலா ஹாஜியார். நீங்க சொன்னதுதான் சரி. இவடத்த யாராலயும் வெட்டேலா.”

மச்சான் அந்தச் சரிந்த மணலைக் காலால் தள்ளிப் பார்த்தார். பிறகு என் காதருகே வந்தார்.

“புழுகன் ஏலா எண்டு சொல்லமாட்டான் மச்சான்.”

ஆனால் அதோடு விடவில்லை. இளைஞரிடம் திரும்பி, “ஊடு இவடத்த. வேல அங்க. எப்பிடி?” என்றார்.

“ஒருக்காப் போய் வரணும். கணக்கு முடிச்சிட்டு வந்திருவன். வந்தா இந்த ஊட்டுலதான்.”

“எப்ப?”

“அடுத்த நோன்புக்கு முந்தி, இன்ஷா அல்லாஹ்.”

மச்சான் ஜன்னலைப் பார்த்தார். அங்கே யாரும் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பக்கமே பார்த்துக் கேட்டார்: “கேட்டதா புள்ள? வேற ஏதும் கேக்க இரிக்கா?”

அவள் உள்ளேயிருந்தே, “அங்க மூச்செடுக்கக் காத்து எங்கால வருது?” என்றாள்.

மச்சான் கிணற்றுக்குள் குனிந்து, “முதல் வாளித் தண்ணிய மேல அனுப்பு. மருமகன் மணலக் கழுவட்டும். கழுவிட்டு அதுக்கும் அவரே பதில் சொல்லட்டும்,” என்றார்.

வாளி வந்தது. தண்ணீர் கலங்கலாக இருந்தது.