வாயை மூடி வடம் இழுத்த செல்லதுரை

மட்டாஞ்சேரி பஜாரில் செல்லதுரை தும்மினால் படகுத்துறைக் கடவில் கட்டிய வள்ளம் ஒரு முழம் நகரும் என்பார்கள். அதில் பாதிக்கு மேல் பொய் கிடையாது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மீசை அரும்பாத வயதில் வந்தவன், எண்ணெய்ப் பண்டகசாலையில் கொப்பரை மூட்டையும் தேங்காயெண்ணெய் டின்னும் சுமந்து சுமந்தே கழுத்தை ஆலமரத்து அடிமரம் மாதிரி ஆக்கிக்கொண்டான். கல்யாணத்தன்று மாலை சுற்றளவு போதாமல், பேச்சியம்மாள் இரண்டு மாலையைச் சேர்த்து முடிச்சுப் போட்டுத்தான் அவன் கழுத்தில் போட்டாள். இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் அவளையே கேட்கலாம். மூன்று மாலை என்பாள்.

இப்பேர்ப்பட்டவன் எண்பத்திரண்டாம் வருஷத்து ஓணத்துக்கு முன்னால் சோறு இறங்காமல் கிடந்தான். காரணம் வடம்வலி என்கிற கயிறு இழுக்கும் போட்டி.

ஓணத்துக்கு மறுநாள் பஜாரில் எண்ணெய்க்காரர்கள் ஒரு முனையும் அரிசிக்காரர்கள் ஒரு முனையுமாக வடம் இழுப்பது வழக்கம். ஜெயித்தவர்களுக்குக் கோப்பை, மாலை ஒன்றும் கிடையாது. அடுத்த ஓணம்வரை கடவில் சரக்கு இறக்கும் முதல் வள்ளம் அவர்களுக்கு. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தலையில் மூட்டை வைத்தவனுக்குத்தான் தெரியும். காயலில் நீர் ஏறும்போதுதான் வள்ளங்கள் வந்து சேரும். அப்போது வள்ளமும் கடவும் ஒரே மட்டத்தில் நிற்கும். வீட்டு நடையில் நடப்பதுபோல் போய் மூட்டையை எடுத்து வந்துவிடலாம். காத்திருந்து இரண்டாவது வள்ளத்துக்குக் கை வைப்பதற்குள் நீர் வற்றிவிடும். வள்ளம் கிணற்றுக்குள் விழுந்தது மாதிரி கீழே கிடக்கும். பாசி வழுக்கும் பலகையில் மூட்டையோடு ஏற வேண்டும், அதுவும் உச்சி வெயிலில்.

இரண்டு வருஷமாக எண்ணெய்க்காரர்களுக்கு அந்தப் பலகைதான் வாய்த்தது. வடத்தின் கடைசி ஆளாக, கயிற்றை இடுப்பில் சுற்றி நிற்பவன் செல்லதுரை. போன வருஷம் வழுக்கியது அவனுடைய கால். யாரும் வாய்விட்டுக் குறை சொல்லவில்லை. பலகையில் ஏறும்போது மட்டும் ஒவ்வொருவனும் அவனைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கோ நாற்பது தாண்டியாயிற்று. ஒருநாள் பயிற்சி செய்தால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறது.

மருந்துக்கடை அப்துல் ஜலீலிடம் போய் நின்றான். ஜலீலின் குடும்பம் காயல்பட்டினத்திலிருந்து வந்தது. பொட்டலம் சுற்றி வரும் பேப்பரைக்கூட விடாமல் படிக்கிற மனுஷன். கம்பெனிக்காரர் ஒருவர் விட்டுப்போன ஒரு பத்திரிகையில் அப்போதுதான் ஒரு சங்கதி படித்திருந்தார். கடுமையாக உழைக்கிறபோது நாம் இழுக்கிற பிராணவாயுவில் கொஞ்சம் முரண்டு பிடித்து உடம்புக்குள் இருக்கிற கொழுப்பைக் கெடுக்கிறதாம். வைட்டமின் ஈ மாத்திரை அதைத் தடுக்குமா என்று சீமையில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். இதை எண்ணெய்க்காரனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமே.

"உங்க குடோன்ல எண்ணெய் நாள்பட்டுக் காறி வாடையடிக்குதுல்ல அண்ணாச்சி, அதே கதைதான் உடம்புக்குள்ளயும்" என்றார் ஜலீல். "குணம் உண்டா இல்லையான்னு இன்னும் தீர்மானமாகல. ஒரு நாளைக்கு ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க, கெடுதல் இல்ல."

தேன் நிறத்தில் பளபளக்கும் குளிகைகள். செல்லதுரை அவற்றைப் பண்டகசாலைக்குக் கொண்டுபோய், எண்ணெய்க்காரன் செய்வதையே செய்தான்: ஒன்றை ஊசியால் குத்தி உள்ளங்கையில் பிழிந்து, சூடு பறக்கத் தேய்த்து மோந்தான். கூட்டத்தில் எல்லாரும் அந்தக் கையை மோந்தார்கள். காறல் வாடை இல்லை. சரக்கு நல்ல சரக்கு என்று தீர்ப்பாயிற்று.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. அன்று மத்தியானம் டின்னுக்கு மூடி வைத்து ஈயம் பற்றவைக்கிறபோது செல்லதுரைக்கு ஒரு யோசனை உதித்தது. எண்ணெய் ஏன் காறுகிறது? காற்று படுவதால். காறாமலிருக்க என்ன செய்கிறோம்? கழுத்துவரை நிரப்பி, காற்று புகாமல் அடைக்கிறோம். அப்படியென்றால் உடம்புக்கு?

மறுநாளிலிருந்து எண்ணெய்க்காரர்கள் வாயை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வடம் இழுத்துப் பழகினார்கள். கழுத்துவரை நிரப்புகிற பங்குக்குக் கப்பைக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் தின்றார்கள். செல்லதுரை வீட்டிலும் மூச்சுப் பிடித்தான். படி ஏறும்போது பிடித்தான், குளிக்கும்போது பிடித்தான். ஒருநாள் பேச்சியம்மாள் ஏதோ கேட்க, பதில் வராமல் திரும்பிப் பார்த்தால் புருஷன் கத்தரிக்காய் நிறத்தில் உட்கார்ந்திருக்கிறான். கையிலிருந்த அகப்பையால் முதுகில் ஒன்று வைத்தாள். மூச்சு வந்தது.

இந்த ரகசியம் அரிசிப் பண்டகசாலைக்கு எட்டாமல் இருக்குமா? அங்கே கடைசி ஆள் ராசப்பன். வேலிக்கு அந்தப் புறமிருந்து எட்டிப் பார்த்தான். வாய் திறக்காமல் இழுக்கிறார்கள், முகமெல்லாம் ரத்தம் ஏறுகிறது. இது ஏதோ புது வித்தை என்று முடிவு கட்டினான். அவனுடைய கூட்டமும் வாயை மூடிக்கொண்டது.

ஓணத்துக்கு மறுநாளான அவிட்டம் வந்தது. பஜாரே கூடிவிட்டது, மாடியில், மூட்டை மேல், நிறுத்திய லாரியின் தலையில் என்று எங்கு பார்த்தாலும் ஜனம். விசில் ஊதினார்கள். வடம் விறைத்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாக ஊரைக் கூட்டும் ஏலேலோ இல்லை, முக்கல் இல்லை, முனகல் இல்லை. இரண்டு பக்கமும் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, கல்லாக நிற்கிறார்கள். வேடிக்கை பார்த்தவர்களுக்கும் தங்களை அறியாமல் மூச்சு நின்றுவிட்டது. அந்த நேரத்தில் மட்டாஞ்சேரியில் மூச்சு விட்டவை காக்காய்கள் மட்டும்தான் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு.

செல்லதுரையின் கண்ணுக்குள் மின்மினி பறந்தது. குதிகால் மண்ணில் அரை விரற்கடை சறுக்கியது. போன வருஷமும் இப்படித்தான் தொடங்கியது. அந்தப் பலகை அவன் கண்முன் வந்து நின்றது.

கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு பேச்சியம்மாள் வந்தாள்.

"இந்தாரும், நீரு எண்ணெ டின்னா, மனுசனா? மூச்ச விடும்வே!"

கட்டின பெண்டாட்டி பஜார் நடுவில், ஆண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற "வே" போட்டுக் கூப்பிட்டதில் செல்லதுரையின் வாய் தானாகத் திறந்தது. உள்ளே போன காற்று கொஞ்ச நஞ்சமா? லாரி மேல் நின்றவரின் தோள்துண்டு இந்தப் பக்கமாகப் பறந்ததாம். காற்று உள்ளே போனதும் தொடை உயிர் பெற்றது, இடுப்பு இறுகியது. "ஏலேலோ" என்று அவன் விட்ட சத்தத்தில் முன்னால் நின்ற அத்தனை பேரும் வாயைத் திறந்து காற்றை அள்ளினார்கள். அடுத்த இழுப்பில் அரிசிக்காரர்கள் ஒரு கோணி மாதிரி சேர்ந்து வந்தார்கள். ராசப்பன் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் பிடித்துத் திறந்துவிட்டார்கள்.

மூன்று சுற்றில் இரண்டை ஜெயிக்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டாவது சுற்றில் இரு பக்கத்தாரும் தாராளமாக மூச்சு விட்டார்கள். ஆனால் அரிசிக்காரர்களுக்கு முதல் சுற்றின் இளைப்பே இன்னும் அடங்கவில்லை. எண்ணெய்க்காரர்கள் அதையும் ஜெயித்தார்கள்.

அன்று சாயங்காலம் சாயாக்கடையில் சங்கதி முழுவதையும் கேட்ட ஜலீல், சிரித்துச் சிரித்துச் சாயாவை மடியில் கொட்டிக்கொண்டார். குளிகையா ஜெயிக்க வைத்தது என்று செல்லதுரை கேட்டான்.

"அத நான் சொல்லமாட்டேன், சீமைக்காரனுக்கே தெரியல. ஆனா உடம்பு டின் இல்ல அண்ணாச்சி, அடுப்பு. எரியணும்னா காத்து வேணும். கொஞ்சம் புகையத்தான் செய்யும். அந்தப் புகையத் தள்ளுற வழி வேல செய்யிற உடம்புக்கே கொஞ்சம் தெரியும்."

செல்லதுரை அதை ஒத்துக்கொண்டான். ஆனாலும் மிச்சமிருந்த குளிகைகளை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை.

விடிந்ததும் நீர் விளிம்புவரை ஏறிக் கிடந்தது. கொப்பரை ஏற்றிய முதல் வள்ளம் கடவில் உரசி நின்றது. செல்லதுரை கூட்டத்தாரில் ஒருவன்கூட அவனுக்கு முன்னால் காலை வைக்கவில்லை. அவன் வள்ளத்துக்குள் நடந்து போனான், மூட்டையைத் தலைக்கு ஏற்றினான், ஏறாமல் இறங்காமல் சமதரையில் திரும்பி வந்தான். பண்டகசாலை வாசலில் இறக்கிவிட்டு, இளைப்பாறாமல் அடுத்த மூட்டைக்குப் போனான்.